விதை மட்டும் போதுமா? சி.சுப்பிரமணியமும் பசுமைப் புரட்சியும்: புதிதாகப் படிப்பவர்களுக்கு

பசுமைப் புரட்சி என்றதும் பலரும் சொல்லும் பெயர்கள் நார்மன் போர்லாக், எம்.எஸ்.சுவாமிநாதன். இருவரும் விஞ்ஞானிகள். மெக்சிகோவின் குட்டைக் கோதுமை விதை 1963லேயே இந்தியாவுக்கு வந்து சோதனை வயல்களில் விதைக்கப்பட்டுவிட்டது. ஆனால் நாட்டின் விளைச்சல் கணக்கில் அது தெரிந்ததோ 1968 அறுவடையில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தீர வேண்டியிருந்த கேள்விகள் பெரும்பாலும் வயலுக்கு வெளியே இருந்தன. விளைந்ததை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு? உரம் இறக்குமதி செய்ய டாலர் எங்கிருந்து வரும்? விவசாய ஆராய்ச்சி நிலையங்களுக்கு யார் தலைமை?

இந்தக் கேள்விகளுக்கு அரசு சார்பில் விடை தேடியவர் சி.சுப்பிரமணியம். 1964 ஜூன் முதல் 1967 தொடக்கம் வரை மத்திய உணவு, வேளாண் அமைச்சர். இன்று செய்திகளில் அடிபடும் குறைந்தபட்ச ஆதரவு விலை, இந்திய உணவுக் கழகம் ஆகிய இரண்டுமே அவர் பொறுப்பில் இருந்தபோது பிறந்தவை. இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பிடித்துக்கொண்டால் பசுமைப் புரட்சி பாதி புரிந்த மாதிரி. ஒன்றை உருவினாலும் மற்றவை வேலை செய்யாது.

அமைச்சர் யார்?

1910 ஜனவரி 30ஆம் தேதி, பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து, கோவையில் வக்கீல் தொழில் பார்த்தார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்தார். 1952 முதல் 1962 வரை பத்தாண்டுகள் சென்னை மாநில அமைச்சர். நிதி, கல்வி, சட்டம் என்று முக்கியத் துறைகள் அவரிடம் இருந்தன.

ராஜாஜிக்கு நெருக்கமானவர் என்று பெயர். 1954ல் ராஜாஜி விலகியபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டு 93க்கு 41 என்று தோற்றார். வென்ற காமராஜர் அவரைத் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். ராஜாஜி கொண்டுவந்த, எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்த திட்டம் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. கல்வித் துறை அப்போது இவர் கையில். பள்ளிகளில் மதிய உணவு பரவிய ஆண்டுகளிலும் அவரே கல்வி அமைச்சர்.

1962ல் டெல்லிக்குப் போனார். நேரு கொடுத்தது எஃகுத் துறை. நேருவுக்குப் பின் சாஸ்திரி பிரதமரானபோது உணவு, வேளாண்மை கொடுத்தார். அன்றைய நிலவரத்தில் எஃகிலிருந்து வேளாண்மைக்கு மாற்றுவது பதவி இறக்கம் மாதிரி. ஐந்தாண்டுத் திட்டங்களின் செல்லப்பிள்ளை கனரகத் தொழில். உணவு அமைச்சருக்கோ நாடாளுமன்றத்தில் தினமும் திட்டு.

அன்றைய சோற்றுக் கணக்கு

அமெரிக்காவின் பி.எல்.480 சட்டத்தின்படி இந்தியா கோதுமை வாங்கிக்கொண்டிருந்தது. முதல் ஒப்பந்தம் 1956ல். 1960ல் போட்ட பெரிய ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமைக்கும் 10 லட்சம் டன் அரிசிக்கும் ஆனது. விலையை டாலரில் கொடுக்க வேண்டாம், ரூபாயில் கொடுத்தால் போதும். டாலருக்குத் திண்டாடிய நாட்டுக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்த வசதியே பின்னால் வினையாயிற்று. மலிவு கோதுமை துறைமுகத்தில் வந்து இறங்கும்போது உள்ளூர் விலை ஏறாது. விலை ஏறாவிட்டால் பஞ்சாப் விவசாயி எதற்காக உரத்துக்கும் கிணற்றுக்கும் கடன் வாங்குவார்? நகரத்தில் ரொட்டி மலிவாகக் கிடைக்கக் கிடைக்க, கிராமத்தில் முதலீடு வறண்டது.

1964-65ல் நாட்டின் மொத்த உணவு தானிய உற்பத்தி 8.9 கோடி டன். மறு ஆண்டு மழை பொய்த்தது, 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966ல் சுமார் 1 கோடி டன் இறக்குமதி. அதே நேரத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சன் பல ஆண்டு ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, கப்பலுக்குக் கப்பல் தாமே பார்த்து அனுமதிப்பது என்று மாறினார். அடுத்த மாத ரேஷனுக்கான கோதுமை கிளம்புமா என்பதே டெல்லிக்குத் தெரியாத நிலை. 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமேனைச் சந்தித்த சுப்பிரமணியம், வேளாண்மையில் முதலீட்டையும் உரத்தையும் கூட்டுவதாக ஒப்புக்கொண்டார். அமெரிக்கா கையை முறுக்கியதால்தான் இந்தியா மாறியது என்று சிலர் எழுதுவதுண்டு. முழு உண்மை அல்ல. விலைக் கமிஷனும் உணவுக் கழகமும் அந்தச் சந்திப்புக்குப் பல மாதங்கள் முன்பே நிறுவப்பட்டுவிட்டன.

குட்டைக் கோதுமை ஏன்?

நாட்டுக் கோதுமை உயரமானது, நெஞ்சளவு வளரும். தழைச்சத்தை (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 40 கிலோவுக்கு மேல் கூட்டினால் இன்னும் உயர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் மணி நிரம்பாது, அறுப்பதும் கஷ்டம். ஆக, உரம் போட்டால் விளைச்சல் குறையும் என்ற விசித்திரமான நிலை. நாட்டு ரகம் மோசம் என்பதல்ல. உரம் இல்லாத, மழையை நம்பிய மண்ணுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம் அது. 1964-65ல் இந்தியாவின் சராசரி கோதுமை விளைச்சல் ஹெக்டேருக்கு 913 கிலோ.

ஜப்பானின் நோரின் 10 என்ற கோதுமையில் தண்டைக் குட்டையாக்கும் மரபணு இருந்தது. போர்லாக் அதை மெக்சிகோ ரகங்களில் ஏற்றினார். அப்படி வந்தவைதான் லெர்மா ரோஹோ 64, சோனோரா 64. இவற்றுக்கு 120 கிலோ தழைச்சத்து கொடுத்தாலும் நிமிர்ந்து நிற்கும். சத்து வைக்கோலுக்குப் போகாமல் மணிக்குப் போகும். நல்ல பராமரிப்பில் ஹெக்டேருக்கு 4 டன்னைத் தாண்டும்.

ஆனால் விதையை மட்டும் மாற்றிவிட்டு, பழைய முறையில் விதைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான் கிடைத்தது. காரணங்கள் நுணுக்கமானவை. நாட்டு ரகத்தை ஏர்ச்சாலில் எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் போடலாம். குட்டை ரகத்தில் தண்டு மட்டுமல்ல, மண்ணைக் கிழித்துக்கொண்டு மேலே வரும் முளை உறையும் குட்டை. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் பல விதைகள் மேலே வராமலே மடியும். வயலில் திட்டுத்திட்டாகப் பயிர் இருந்தால் விதை கெட்டது என்று பழி சொல்வார்கள், கோளாறு ஆழத்தில்.

அடுத்தது முதல் தண்ணீர். விதைத்து 21ஆம் நாள் வாக்கில், மண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ள கணுவிலிருந்து நிலையான வேர்கள் கிளம்பும். தூர் கட்டுவதும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைப்பதும், அதை ஒட்டித்தான். அந்த நேரத்தில் மண் காய்ந்திருந்தால் பிறகு எத்தனை முறை பாய்ச்சினாலும் இழப்பை மீட்க முடியாது. நாட்டு ரகத்துக்கு இரண்டு மூன்று தண்ணீர் போதும். குட்டை ரகத்துக்கு ஐந்து, ஆறு. அதுவும் நாள் தவறாமல். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் இடங்களில் இது நடக்காது. பஞ்சாபில் குழாய்க் கிணறு பெருகியதற்கு இதுதான் வேர்.

உரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 120 கிலோ தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அப்படியானால் ஹெக்டேருக்கு 261 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஐந்தேகால். பாதி அடியுரம், மீதி முதல் தண்ணீரோடு மேலுரம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) தனி. விதை ஹெக்டேருக்கு 100 கிலோ. இவை அத்தனையும் அறுவடைக்கு ஐந்து மாதம் முன்பே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. வீட்டு விதை, தொழு உரம் என்று கைக்காசு அதிகம் செலவழிக்காமல் ஓட்டிய குடும்பம் முதல்முறையாகப் பெரிய தொகையைக் கடன் வாங்கி மண்ணில் போடுகிறது. அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒன்றாக மண்டிக்கு வந்து விலை விழுந்தால்? புது விதையைத் தொடத் தயங்கியவர்களின் பயம் இதுதான். விவசாயிகள் பழமைவாதிகள் என்று அன்று டெல்லியில் பேசியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

விலை: விதைக்கும் முன்பே சொல்ல வேண்டியது

சுப்பிரமணியத்தின் அணுகுமுறையில் முக்கியமானது இது. பதவியேற்ற சில வாரங்களில், 1964ல், எல்.கே.ஜா தலைமையில் உணவு தானிய விலை பற்றி ஆராய ஒரு குழு. அதன் பரிந்துரையை வைத்து 1965 ஜனவரியில் வேளாண் விலைக் கமிஷன். முதல் தலைவர் பொருளாதார அறிஞர் எம்.எல்.தாந்த்வாலா. 1985ல் இதன் பெயர் வேளாண் செலவு மற்றும் விலைக் கமிஷன் என்று மாறியது.

கமிஷன் வேலை செய்யும் விதம் எளிது. மாநிலவாரியாகச் சாகுபடிச் செலவைத் திரட்டும். சந்தை விலை, இருப்பு, போட்டிப் பயிர்களின் விலை எல்லாவற்றையும் பார்த்து ஒரு தொகையைப் பரிந்துரைக்கும். மத்திய அமைச்சரவை முடிவெடுத்து அறிவிக்கும். அறிவிப்பு விதைப்புக்கு முன்பே வர வேண்டும் என்பதுதான் அடிப்படை. அறுவடைக்குப் பிறகு சொல்லும் விலை வியாபாரிக்கும் அரசுக்கும் பயன்படலாம். உரம் வாங்கலாமா என்று யோசிக்கும் விவசாயிக்குப் பயன்படாது. 1966-67ல் கோதுமைக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 54 ரூபாய்.

இங்கே பலர் குழம்பும் ஒரு இடம் உண்டு. தொடக்கத்தில் இரண்டு விலைகள் இருந்தன. ஆதரவு விலை என்பது இன்சூரன்ஸ் மாதிரி: சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே போக விடமாட்டோம் என்ற உறுதி. கொள்முதல் விலை என்பது ரேஷனுக்காக அரசு உண்மையிலேயே வாங்கும் விலை. ஆதரவு விலையைவிட உயர்வாக இருக்கும். 1970களின் நடுவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் இன்று ஒரே எண் இரண்டு வேலையைச் சுமக்கிறது. ஏழைக்கு மலிவாகக் கொடுக்க அதைக் குறைவாக வைக்க வேண்டும். விவசாயிக்குக் கட்டுப்படியாக உயர்வாக வைக்க வேண்டும். நடுவில் விழும் பள்ளத்தை மானியம் நிரப்புகிறது.

வாங்குவதற்கு ஓர் ஆள்

விலையை அறிவித்துவிட்டு வாங்க யாரும் வராவிட்டால் அது வெறும் காகிதம். இந்திய உணவுக் கழகத்துக்கான சட்டம் 1964ல் நிறைவேறியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் 1965 ஜனவரி 14, பொங்கல் அன்று, தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. தலைமையகமும் முதலில் சென்னையில்தான் இருந்தது, பிறகு டெல்லிக்கு மாறியது. முதல் தலைவர் டி.ஏ.பை.

அன்று உணவு மண்டலங்கள் என்றொரு ஏற்பாடு இருந்தது. ஒரு மண்டலத்தின் தானியத்தைத் தனியார் வியாபாரி இன்னொரு மண்டலத்துக்குக் கொண்டு போகக் கூடாது. உபரி மாநிலத்தில் விலை அமுங்கும், பற்றாக்குறை மாநிலத்தில் எகிறும். நடுவே தானியத்தை நகர்த்த ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்பது சுப்பிரமணியத்தின் வாதம். முதலமைச்சர்கள் இதை ரசிக்கவில்லை. தம் மாநிலத்து நெல், தம் கையிலிருந்து போவானேன் என்று கொள்முதலைத் தாங்களே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். இந்த இழுபறி இன்றும் தீரவில்லை. பஞ்சாபில் மாநில நிறுவனங்கள் உணவுக் கழகத்துக்காக வாங்குகின்றன. தமிழ்நாட்டில் 1972ல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்துகிறது.

வாங்கிய தானியத்துக்கு மண்டிக் கட்டணம், சாக்கு, ஏற்றுகூலி, ரயில் வாடகை, கிடங்கு வாடகை, வங்கி வட்டி எல்லாம் சேரும். ரேஷனுக்குக் கொடுக்கும் விலை அதைவிட மிகக் குறைவு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்றது. 2023 ஜனவரி முதல் அந்தத் தொகையும் இல்லை. வித்தியாசம் முழுவதும் மத்திய பட்ஜெட்டில் உணவு மானியமாக எழுதப்படுகிறது.

கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய இருப்புக்கும் அளவு உண்டு. 2015ல் திருத்திய அளவின்படி ஏப்ரல் 1 அன்று 210.4 லட்சம் டன், ஜூலை 1 அன்று 411.2 லட்சம் டன். ஏப்ரலில் குறைவாகவும் ஜூலையில் இரு மடங்காகவும் இருப்பது ஏன் என்றால், நடுவில் கோதுமை அறுவடை வருகிறது. ஜூலை இருப்பை வைத்துக்கொண்டு கிடங்கு வழிகிறது என்று தலைப்புப் போடும் செய்தியைப் படிக்கும்போது இந்தத் தேதி விஷயத்தை மறக்க வேண்டாம்.

18,000 டன்னும் எதிர்ப்பும்

விஞ்ஞானிகள் தரப்பில் சுப்பிரமணியம் செய்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் தலைமையில் அதுவரை நிர்வாக அதிகாரிகளே இருந்தார்கள். 1965ல் முதல்முறையாக ஒரு விஞ்ஞானி, பி.பி.பால், தலைமை இயக்குநரானார். சிதறிக் கிடந்த ஆராய்ச்சி நிலையங்கள் அந்தக் குழுவின் கீழ் வந்தன. வேளாண் துறைச் செயலாளராக பி.சிவராமன் வந்தார். அமைச்சர், செயலாளர், விஞ்ஞானி மூவரும் ஒரே திசையில் இழுத்தது அந்தச் சில ஆண்டுகளின் அதிர்ஷ்டம். அது தானாக அமைந்துவிடவில்லை, ஆள் பார்த்து அமைத்தது.

செயல்விளக்க வயல்கள் ஆராய்ச்சிப் பண்ணைக்குள் அல்லாமல் விவசாயிகளின் சொந்த நிலத்தில் போடப்பட்டன. டெல்லி அருகே ஜோந்தி கிராமம் விதைக் கிராமமாயிற்று. அமைச்சர் தம் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது குட்டைக் கோதுமை விதைத்ததும் அப்போதுதான். பார்க்க வந்த எம்.பி.க்களுக்கு அதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது.

1965ல் 250 டன் விதை இறக்குமதி. 1966ல் 18,000 டன். ஹெக்டேருக்கு 100 கிலோ என்று வகுத்தால் 1,80,000 ஹெக்டேர், ஏறக்குறைய நாலரை லட்சம் ஏக்கர். நாட்டின் கோதுமைப் பரப்பில் இது சிறு துளி. ஆனால் கோதுமை தன் மகரந்தத்திலேயே கருத்தரிக்கும் பயிர். அறுவடையில் எடுத்து வைத்த மணியே மறு ஆண்டு விதை. வீரிய ஒட்டுச் சோளத்தைப் போல ஒவ்வோர் ஆண்டும் கம்பெனியிடம் வாங்க வேண்டியதில்லை. ஒரு மூட்டை விதை முப்பது, நாற்பது மூட்டையாகிறது. அக்கம்பக்கத்தார் வீடு தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். பரவலின் வேகத்துக்கு இதுவே பெரிய காரணம்.

எதிர்ப்பு மூன்று பக்கமிருந்து வந்தது. நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி உரத்துக்கும் விதைக்கும் அன்னியச் செலாவணியை வாரி இறைப்பதா என்று கேட்டார். திட்டக் கமிஷனில் பலர், நிலச் சீர்திருத்தமும் கூட்டுறவும் இருக்க விலை எதற்கு என்றார்கள். இடதுசாரிகள், தண்ணீர் வசதியுள்ள பணக்கார விவசாயிக்கே இது உதவும் என்று எச்சரித்தார்கள். மூன்றாவது எச்சரிக்கையில் உண்மை இருந்தது. அதற்கு அமைச்சர் கொடுத்த பதில், முதலில் தானியம் வேண்டும் என்பதுதான். கிருஷ்ணமாச்சாரி 1965 இறுதியில் வேறு காரணத்தால் பதவி விலகியதும் பாதை கொஞ்சம் இலகுவாயிற்று. 1966 காரிஃப் (மழைக்கால) பருவத்தில் உயர் விளைச்சல் ரகத் திட்டம் தொடங்கியது; 1970-71க்குள் 3.25 கோடி ஏக்கர் என்பது இலக்கு.

ருசியிலும் ஒரு சிக்கல் இருந்தது. மெக்சிகோ கோதுமை மணி சிவப்பு. சப்பாத்திக்கு வெளிர் மஞ்சள் மணியையே வாங்கிப் பழகிய சந்தை அதற்கு விலையைக் குறைத்தது. இந்திய விஞ்ஞானிகள் மெக்சிகோ கலப்புகளிலிருந்து மஞ்சள் மணி ரகங்களைப் பிரித்தெடுத்தார்கள். கல்யாண் சோனா, சோனாலிகா இரண்டும் அப்படி வந்தவை. பெரும் பரப்பைப் பிடித்தவையும் இவைதான், கப்பலில் வந்தவை அல்ல.

1964-65ல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை 1967-68ல் 1.65 கோடி டன்னைத் தொட்டது. 1968 அறுவடையில் வைக்க இடமில்லாமல் பஞ்சாபில் பள்ளிக்கூடங்களை மூடி மூட்டை அடுக்கினார்கள். கோதுமைப் புரட்சி என்று இந்திரா காந்தி அரசு தபால்தலை வெளியிட்டது. 1970-71ல் 2.38 கோடி டன்.

அதைப் பார்க்க அமைச்சர் இல்லை

1967 பிப்ரவரித் தேர்தலில் கோபிசெட்டிபாளையம் தொகுதியில் சுப்பிரமணியம் தி.மு.க.விடம் தோற்றார். இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று மொழி. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அவரும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஆங்கிலம் தொடரும் என்ற சாஸ்திரியின் உறுதிமொழிக்குப் பின் திரும்பப் பெற்றார்கள். மாநிலத்தில் அது போதவில்லை. மற்றொன்று அரிசி. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. மேடைக்கு மேடை முழங்கிய தேர்தல் அது. அரிசித் தட்டுப்பாட்டின் உச்சத்தில், நாட்டின் உணவு அமைச்சரே வேட்பாளர் என்றால் எப்படி இருக்கும்? கோதுமைக்கு நடந்தது அரிசிக்கு நடக்க இன்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. தஞ்சையில் குறுவைக்கு ஆடுதுறை 27 வந்துகொண்டிருந்தது, ஆனால் தேர்தல் தேதி அதற்காகக் காத்திருக்காது.

பிற்கால வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1971க்குப் பின் திட்டத் துறை, தொழில் துறை, 1974 முதல் 1977 வரை நிதி. நெருக்கடி நிலை அமைச்சரவையில் இருந்தார். அது அவர் வரலாற்றில் அழியாத கறை என்பதே என் கருத்து. அதே காலத்தில், 1975 அக்டோபர் 2 அன்று, முதல் வட்டார கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. பின்னர் இந்திராவை விட்டு விலகி, 1979ல் சரண்சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சர். 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநர். பிரதமரை விமர்சித்துப் பேசியதாக எழுந்த சர்ச்சையில் பதவி விலகினார். 1998ல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று மறைந்தார்.

எங்கே பிசகியது

ஆதரவு விலை 20க்கும் மேற்பட்ட பயிர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. அரசு பெருமளவில் நேரில் வாங்குவதோ பெரும்பாலும் நெல்லும் கோதுமையும். துவரை, உளுந்து, கம்புக்கு விலை காகிதத்தில் இருக்கும், வாங்க ஆள் பெரும்பாலும் இருக்காது. எனவே பஞ்சாப் விவசாயி துவரை போடாமல் நெல் போடுகிறார். மழை குறைந்த, அரிசியைப் பெரிதாகச் சாப்பிடாத மாநிலம், இலவச மின்சாரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சி நெல் விளைவிக்கிறது. நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. விவசாயியின் பேராசை என்று இதைச் சொல்ல முடியாது. எந்தப் பயிருக்கு நிச்சய விலையும் நிச்சயமாக வாங்க ஆளும் உண்டோ, அதைத்தான் யாரும் போடுவார்கள். 1965ல் பற்றாக்குறைக்குப் போட்ட மருந்தை, உபரி வந்த பிறகும் அளவு மாற்றாமல் கொடுத்துக்கொண்டே இருந்தது பின்வந்த அரசுகள்.

பயன் பரவிய விதமும் சமமல்ல. உணவுக் கழகத்தைச் சீரமைப்பது பற்றி ஆராய்ந்த சாந்தகுமார் குழு 2015ல் சொன்ன கணக்கில், ஆதரவு விலையில் கொள்முதல் நிறுவனங்களுக்கு விற்றவர்கள் விவசாயிகளில் 6 சதவீதம்தான். நிலமில்லாத கூலிக்காரரின் நிலை இன்னும் கீழே. தீவிர சாகுபடித் திட்டத்துக்கு 1960லேயே தேர்ந்தெடுக்கப்பட்ட தஞ்சை மாவட்டத்தில்தான், கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட தகராறின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். சாதியும் சங்கமும் பண்ணையார்களின் ஆத்திரமும் அதற்குக் காரணம், விதை அல்ல. ஆனாலும் விளைச்சல் கூடினால் கூலி தானாகக் கூடும் என்ற டெல்லியின் நம்பிக்கை எவ்வளவு வெற்று நம்பிக்கை என்பதை அந்த இரவு காட்டியது.

செய்தியில் வரும் இரண்டு கணக்குகள்

முதலாவது, செலவைப் போல ஒன்றரை மடங்கு விலை என்ற அறிவிப்பு. எந்தச் செலவு என்று கேட்க வேண்டும். விதை, உரம், கூலி, டீசல், குத்தகை என்று கையை விட்டுப் போன பணம் ஏ2. அதோடு குடும்பத்தார் உழைப்பின் மதிப்பைச் சேர்த்தால் ஏ2+எஃப்.எல். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு, சொந்த முதலின் வட்டி இவற்றையும் சேர்த்தால் சி2. 2018 முதல் அரசு ஒன்றரை மடங்கு கணக்கிடுவது ஏ2+எஃப்.எல்.லுக்கு. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரையைச் சுட்டி விவசாய சங்கங்கள் கேட்பது சி2வுக்கு. உதாரணத்துக்கு ஏ2+எஃப்.எல். 1,000 ரூபாய், சி2 1,300 ரூபாய் என்று வைத்தால், ஒன்று 1,500 கொடுக்கும், மற்றது 1,950. இரு தரப்பும் ஒன்றரை மடங்கு என்றே சொல்வதால் கேட்பவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

இரண்டாவது, டெல்டாவில் ஆண்டுதோறும் கேட்கும் ஈரப்பதப் பிரச்சினை. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டும்போது நெல் 20, 22 என்று நிற்கும். வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், அதற்குள் சாலையோரம் கொட்டிய நெல் முளைவிடும். வரம்பு எதற்கு? 22 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 780 கிலோ. அது 17க்குக் காய்ந்தால் எடை 940 கிலோ. 40 கிலோ சிப்பம் 25 வாங்கிய இடத்தில் ஒன்றரை சிப்பம் காற்றில் போய்விடும். அந்த நட்டம் போக, ஈர நெல்லை அடுக்கினால் உள்ளே சூடேறி அரிசி பழுப்பாகும். எனவே வரம்பில் நியாயம் இருக்கிறது. மழைக்கு முன்பே போதுமான உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் தார்ப்பாயும் நிலையத்தில் இல்லாததில்தான் நியாயம் இல்லை. உணவுக் கழகத்தின் முதல் அலுவலகம் திறந்த மாவட்டத்திலேயே இதற்கு இன்னும் ஒவ்வோர் ஐப்பசியிலும் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.